சொல்லக்கூடாத மூன்று மாதங்கள்

நான் பார்த்த வேலையை எங்கள் தெருவில் ஒருவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால், சாம்பார் போய் ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற மாதிரி ஒரு பதில் என்னிடம் கடைசிவரை இருந்ததில்லை. மெடிக்கல் கோடிங் என்றால் கம்ப்யூட்டர் என்று நினைத்துத் தன் பையனுக்கு வேலை கேட்பார்கள். மெடிக்கல் பில்லிங் என்றால் மருந்துக்கடை என்று நினைத்து, சர்க்கரை மாத்திரை விலை குறைத்துக் கிடைக்குமா என்பார்கள். என் சிநேகிதன் பாஸ்கரன், அவனியாபுரத்தில் டீக்கடை வைத்திருப்பவன், ஒருநாள் இதற்கு ஒரு சுருக்கம் கண்டுபிடித்தான். "அமெரிக்காவுல ஒருத்திக்கு மசக்கைன்னா இங்க நம்ம மாப்ளைக்குச் சம்பளம்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். ஆனாலும் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

பணி ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி முடித்ததும் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, "அண்ணே, மறக்க முடியாத கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்றார்கள். தன் மனைவி வாங்கிவரச் சொன்ன காய்கறிகளையும் நோயாளிக் குறிப்போடு சேர்த்துச் சொல்லிப் பதிவு செய்துவிட்ட ஒரு டாக்டரின் கதையைச் சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பிருந்தா என்கிற பெண் மட்டும், "இது இல்லண்ணே, நெசமானத எழுதிக் குடுங்க" என்று அதற்குப் பிறகும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். போன வாரம் என் மகளை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். அதற்குப் பிறகு எழுதலாம் என்று தோன்றுகிறது.

இளமையில் நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கழுத்தில் டை, கையில் தோல் பை, டாக்டர் அறை வாசலில் நிற்பது என்று காலம் ஓடியது. கம்பெனியை வேறொருவர் வாங்கினார். வாங்கியவர் எங்களைப் போல நாற்பதைத் தாண்டியவர்களை வேண்டாம் என்றுவிட்டார். மருந்துப் பெயர்கள் தெரியும், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்கிற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கோடிங் பயிற்சியில் சேர்ந்தேன். என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எலும்புப் பெயர்களை மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் முதல்முறை தோற்று இரண்டாம் முறை தேறினேன். தேறியபோது எந்தப் பிரிவிலும் இடமில்லை, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களைப் பார்க்கும் பிரிவில் மட்டும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் ஆண்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு பெண் தன் டாக்டரைப் போய்ப் பார்க்கிறாள். என்ன பேசினாள், என்ன பார்த்தார், என்ன முடிவு செய்தார் என்று டாக்டர் எழுதிவைக்கிறார். அதற்கு சார்ட் என்று பெயர். நாங்கள் அதை வாசித்து, ஒவ்வொரு விஷயத்துக்கும் உரிய குறியீட்டைப் போடுவோம். அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும், அல்லது மாட்டேன் என்று திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பினால் பில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகும்.

கர்ப்பத்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. கர்ப்பம்தான் என்று உறுதி செய்கிற முதல் விசிட்டுக்குத் தனி பில். அதற்குப் பிறகு மாதாமாதம் போய்வருகிற விசிட்டுகளையெல்லாம் பிரசவத்தோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் அந்த மூட்டைக்குப் பில் போகும், அதைப் பார்ப்பது வேறு பிரிவு. ஒரு பெண்ணின் இரண்டாம் மாத விசிட்டும் மூன்றாம் மாத விசிட்டும் எங்களிடம் தனித்தனியாக வந்து நின்றால், மூட்டை பாதியில் அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். வேறு ஊருக்குப் போயிருப்பாள். இல்லையென்றால் கலைந்திருக்கும். ஆக, எங்கள் பிரிவுக்குத் தொடக்கம் தெரியும், பாதியில் நின்றது தெரியும். நல்லபடியாக முடிந்தது எங்களுக்கு வராது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இது உறைக்கக் கொஞ்ச நாளாகும்.

எங்கள் பிரிவின் தலைவி மெஹருன்னிசா. என்னைவிட வயதில் சின்னவர், ஊரின் பழைய பகுதியில் இருக்கும் குடும்பம். அவருடைய அத்தா சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்தவர். பல வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை ராஜேந்திரண்ணே என்பார். தப்பு கண்டால் மெயில் அனுப்பி ஊரைக் கூட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்குவார். "வாசிங்க" என்பார்.

அவரிடம் சார்ட்டை வாய்விட்டு வாசிக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோர் குறுக்கு வழிக்காரர்கள். கடைசிப் பத்தியில் டாக்டர் என்ன முடிவு எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது, குறியீட்டைப் போடுவது, அடுத்ததற்குப் போவது. மெஹர் மேடம் அதை விடமாட்டார். "கண்ணு தாண்டிப் போயிரும்ணே. வாயி தாண்டாது" என்பார். முதலில் அந்தப் பெண் என்ன சொன்னாள், பிறகு டாக்டர் என்ன கண்டார், கடைசியில்தான் முடிவு. அந்த வரிசையில்தான் வாசிக்க வேண்டும். அப்படி வாசித்து வாசித்துத்தான் எனக்கு அந்த முகம் தெரியாத பெண்கள் பழக்கமானார்கள். ஒருத்திக்குக் காப்பி வாசனை ஆகவில்லை. ஒருத்தி இன்னும் புருஷனிடம் சொல்லவில்லை. ஒருத்தி தன் அலுவலகத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று காலை நேரமே கேட்கிறாள். எங்கிருந்தாலும் அந்த மூன்று மாதம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் நடமாடுகிற காலம்.

அந்தக் காலம் எங்கள் வீட்டிலும் இருந்தது. என் மனைவி தனலட்சுமி கல்யாணமான முதல் வருஷமே உண்டானாள். அப்போது சிம்மக்கல் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். "மூணு மாசம் போகட்டும், அதுவரைக்கும் வாயத் தொறக்கக்கூடாது" என்றாள் என் அம்மா. கண் பட்டுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் போகவில்லை. ஒருநாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லாததால் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. தனம் மறுநாள் எப்போதும் போலக் குழாயடியில் வரிசையில் நின்றாள். அடுத்த வருஷம் இன்னொரு முறை, அதுவும் அப்படியே. மூன்றாவதாகத் தங்கியவள்தான் எங்கள் மகள் கார்த்திகா. "தலைச்சன் பொம்பளப்புள்ள, மகாலட்சுமி" என்று சொந்தக்காரர்கள் தொட்டிலைச் சுற்றி நின்று சொன்னார்கள். தலைச்சன் என்கிற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் தனம் ஏதாவது வேலையாக உள்ளே போய்விடுவாள். நான் அதைப் பார்ப்பேன், நான் பார்ப்பது அவளுக்கும் தெரியும். எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

இப்போது அந்தக் கேஸ்.

ஒருநாள் பணம் மறுக்கப்பட்டுத் திரும்பிய இரண்டு ஸ்கேன் பில்கள் என் லிஸ்டில் வந்தன. ஸ்கேன் பில்களைப் பார்ப்பது வேறு ஆட்கள்தான். ஆனால் மறுப்புக்குக் காரணம் முதல் விசிட்டில் இருந்தால் எங்களிடம் திருப்பிவிடுவார்கள். இன்சூரன்ஸ் சொன்ன காரணம் எளிது. சாதாரணக் கர்ப்பம், இத்தனை சீக்கிரம் அடுத்தடுத்து ஸ்கேன் எதற்கு? முதல் விசிட்டுக்குப் போட்டிருந்த குறியீடும் சாதாரணக் கர்ப்பம் என்றுதான் சொன்னது. டாக்டரின் கடைசிப் பத்தியிலும், கர்ப்பம் உறுதியானது என்பதற்குமேல் ஒன்றுமில்லை.

நான் மேலிருந்து வாசித்தேன். தூக்கம் வருகிறதா என்று டாக்டர் கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலின் நடுவில் அது இருந்தது. இதற்கு முன் வேறு ஊரில் இருந்தபோது மூன்று முறை கலைந்திருக்கிறது, மூன்றும் தொடக்க வாரங்களில். அதனால் இரவில் விழித்துக்கொண்டே இருக்கிறாள். இந்த முறை தன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அதற்குக் கீழே, பிந்தைய தேதியில், நர்ஸ் எழுதிய போன் குறிப்பு. நோயாளி அழைத்தார். ஸ்கேன் பில் இரண்டும் வீட்டுக்கு வந்துவிட்டதால் அடுத்த ஸ்கேன் வேண்டாம் என்கிறார்.

மூன்று பறிகொடுத்தவள், நாலாவதை டாக்டர் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய அதே வாரங்களில், பில்லுக்குப் பயந்து வீட்டில் இருக்கப்போகிறாள். முந்தைய இழப்புகளால் கவனம் தேவைப்படும் கர்ப்பம் என்று ஒரு குறியீடு இருக்கிறது. அதைப் போட்டால் ஸ்கேனுக்குப் பணம் கிடைக்கும். ஆனால் நானாகப் போட முடியாது. டாக்டர் எழுதாத எதுவும் நடக்கவில்லை என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அவள் சொன்னதாக எழுதியிருக்கிறாரே தவிர, அதற்காகத்தான் இந்தக் கவனிப்பு என்று டாக்டர் எழுதவில்லை. இந்த மாதிரி நேரத்தில் டாக்டரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். க்வெரி என்று பெயர்.

உடனே எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: "இந்த நோயாளிக்கு மூன்று முறை கலைந்திருக்கிறது. எனவே இது கவனம் தேவைப்படும் கர்ப்பம். அப்படி மாற்றினால் ஸ்கேன்களுக்குப் பணம் கிடைக்கும். தயவுசெய்து உறுதி செய்யுங்கள்." எழுதிய வேகத்தில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

க்வெரி எல்லாம் மெஹர் மேடம் பார்த்துத்தான் போகும். நாற்காலி வந்தது. கண்ணாடி இறங்கியது.

"வாசிங்க."

வாசித்தேன்.

"இதுல கேள்வி எங்கண்ணே இருக்கு?"

நான் திரையைப் பார்த்தேன். நிஜமாகவே கேள்வி இல்லை.

"பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க. துட்டு வரும்னும் சொல்லிட்டீங்க. டாக்டருக்குக் கையெழுத்துப் போடுறத விட்டா வேற வேல வைக்கல."

"மேடம், அந்தப் புள்ள ஸ்கேன கேன்சல் பண்ணிருச்சு. இங்க ஒக்காந்து நாம சட்டம் பேசிக்கிட்டு இருக்கோம்."

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பினார்கள். மேடம் குரலை உயர்த்தவில்லை.

"நாம சொல்லிக்குடுத்து டாக்டரு எழுதுனா நாளைக்கு ஆடிட்டுல நிக்காது. இன்சூரன்ஸ்காரன் குடுத்த துட்டையும் திருப்பிக் கேப்பான். அப்ப அம்புட்டும் அந்தப் புள்ள தலையிலதான் விழும். ஒங்களுக்கு அவ மேல எரக்கம் இருக்குல்ல? அப்ப நிக்கிற மாதிரி செய்யுங்க."

பிறகு பிரசவ வார்டில் தான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொன்னார். "வலிக்குதாம்மானு நான் கேக்கவே மாட்டேன். வலிக்குதானு கேட்டா எல்லாரும் ஆமானுதான் சொல்லுவாக. இப்ப எப்படிம்மா இருக்குனு கேப்பேன். கேட்டுட்டுச் சும்மா நிப்பேன். அதுதான் கஷ்டம்ணே, சும்மா நிக்கிறது. அவுக வாயில வர்ற வரைக்கும் நம்ம வாயத் தொறக்கக்கூடாது."

இருவரும் சேர்ந்து மறுபடி எழுதினோம். ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டார். கவனம் தேவைப்படும் என்கிற சொல் வரக்கூடாது. பணம் என்கிற பேச்சே கூடாது. கடைசியில் நின்றது இதுதான்: "உங்கள் குறிப்பில் நோயாளியின் முந்தைய கர்ப்பங்கள் பற்றி ஒரு வரி இருக்கிறது. இப்போதைய கவனிப்பில் அதற்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டா, இல்லையா, அல்லது இப்போது சொல்ல இயலாதா? உண்டு என்றால் உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள்." அனுப்பினோம். அது சப்பென்று இருந்ததாக எனக்கு அப்போது பட்டது.

பதில் வரவில்லை. டாக்டர் விடுப்பில் இருந்தார். நான் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் திறப்பேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. மருந்துக் கம்பெனி என்னை அனுப்பியபோதுகூட ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டவனில்லை நான்.

"என்னங்க ஆச்சு, ஆபீஸ்ல எதும் சண்டையா?" என்றாள் தனம்.

அலுவலக விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது. பேர் இல்லாமல், ஊர் இல்லாமல், ஒரு பெண் என்று மட்டும் சொன்னேன். மூன்று போயிருக்கிறது, இது நாலாவது, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். தனம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர்ட்ட சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"மூணையுமா?"

"மூணையும்."

"பரவால்ல" என்றாள். "சொல்லிட்டா." தட்டைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கலாமா என்று இருந்தது. உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

டாக்டர் விடுப்பு முடிந்து வந்த அன்றே பதில் போட்டுவிட்டார். முந்தைய இழப்புகள் காரணமாகத்தான் இந்த ஸ்கேன்கள், தொடக்க வாரங்கள் முழுவதும் இந்த நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்கிறேன் என்று தன் வார்த்தைகளிலேயே தெளிவாக எழுதியிருந்தார். நாங்கள் கேட்காமலே ஸ்கேன்களைப் பற்றியும் சொல்லியிருந்தார். மெஹர் மேடம் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். குறியீட்டை மாற்றி அனுப்பினோம். பணம் கிடைத்தது. அந்தக் கணக்கை மூடுவதற்காகக் கடைசியாக ஒருமுறை திறந்தபோது நர்ஸின் புதுக் குறிப்பு ஒன்று இருந்தது. நோயாளி அழைத்தார், ஸ்கேனுக்கு மறுபடி நேரம் வாங்கிக்கொண்டார். அன்று பாஸ்கரன் கடையில் எல்லோருக்கும் என் கணக்கில் வடை. "என்ன மாப்ள, ஆம்பளப்புள்ளையா பொம்பளப்புள்ளையா?" என்றான் அவன். "தெரியல, பொறக்கட்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு என் கதை விநோதமானது. நல்ல சேதி எங்களுக்கு வராது என்று சொன்னேன் அல்லவா? அவள் நன்றாக இருந்தால் அவளுடைய விசிட்டுகள் மூட்டைக்குள் போய்விடும், என் லிஸ்டில் வராது. வந்தால்தான் கேடு. தினம் காலையில் லிஸ்டைத் திறக்கும்போது அந்தக் கணக்கு எண் வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடுவேன். வரவில்லை. வரவில்லை என்பதே போதும் என்று இருப்பேன். மதியத்துக்குள் போதாமல் போய்விடும். வயிறு தெரிய ஆரம்பித்திருக்குமா, அம்மாவிடம் சொல்லியிருப்பாளா என்று வேறொரு சார்ட்டை வாசித்துக்கொண்டே நினைப்பேன்.

அவளுக்கு மாதம் நிறைவதற்குள் அந்த டாக்டர் குழுவின் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. இனி அந்தக் கணக்குகள் எங்களுக்கு இல்லை. இணைப்பு அடைபடப் போகிற கடைசி நாள் மெஹர் மேடம் மேசைக்குப் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பாக்க முடியும்ணே. பாக்கக்கூடாது."

"ஒரு தடவ மேடம். வயித்துல இருக்கா இல்லையானு மட்டும்."

"அவ பெத்த தாயிட்டச் சொல்லாததையெல்லாம் நாம படிச்சோம். ஏன்? நமக்கு அதுல ஒரு வேல இருந்துச்சு. வேல முடிஞ்சிருச்சுல்ல, இனிமே அது அவ வீட்டு விசயம். இப்பத் தொறந்து பாத்தா, நாம சன்னல்ல எட்டிப் பாக்குற ஆளுங்க."

நான் நகரவில்லை. அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் தொழுகையில கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "துஆ கேக்குறதுக்கு லாகின் வேணாம்ணே."

மெஹர் மேடம் இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வோம். அவருடைய நாற்காலிச் சக்கரச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்காதா என்று ஓய்வு பெற்ற பிறகும் சில காலை நேரங்களில் இருக்கிறது. வாசிங்க என்று சொல்ல ஆளில்லாததால் பேப்பரைக்கூட இப்போது கண்ணால் தாண்டித் தாண்டித்தான் படிக்கிறேன்.

போன மாதம் கார்த்திகா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளைச் சமயநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எனக்குச் சேதி தனம் வழியாகத்தான் வந்தது. "யார்ட்டயும் சொல்லிராதீங்க. மூணு மாசம் போகட்டும்" என்றாள், அச்சு அசலாக என் அம்மா குரலில். நான் எத்தனையோ ஆயிரம் பேருடையதைச் சொல்லாமல் வைத்திருந்தவன் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் விசிட்டுக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, மதியம் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். நாங்கள் இருவரும் கார்த்திகாவோடு போனோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு நர்ஸ் பெண் எல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாள், சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா. எனக்கு ஒவ்வொரு கேள்விக்கும் குறியீடு மனதில் ஓடியது. பழக்க தோஷம்.

"ஒங்க அம்மாவுக்கு எத்தன பிள்ளைங்க?"

"நான் ஒருத்திதான் சிஸ்டர்."

"அம்மாவுக்குக் கர்ப்பம் எதும் தங்காமப் போயிருக்கா?"

"இல்லல்ல" என்றாள் கார்த்திகா சட்டென்று. "நான்தான் தலைச்சன்."

நர்ஸ் இல்லை என்று எழுதப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டாள். தனம் மடியில் இருந்த பையின் கைப்பிடியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் ஒரு நொடி வேலை. ஆனால் அது என் வாயிலிருந்து வரவேண்டிய பதில் இல்லை. கேள்வியிலேயே பதிலை வைத்து நீட்டி, ஆமா என்று மட்டும் அவளைச் சொல்லவைக்கவும் எனக்கு மனமில்லை. பக்கத்தில் நாற்காலிச் சக்கரம் உருண்டு வந்து நின்றது போல இருந்தது.

"சிஸ்டர்" என்றேன். "அத மட்டும் அவுககிட்டயே ஒரு தடவ கேட்டுருங்க."

நர்ஸ் தனத்தின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு எத்தன தடவ உண்டாச்சு?"

நல்ல கேள்வி. மெஹர் மேடம் இருந்திருந்தால் திருத்தியிருக்க மாட்டார். நான் சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சும்மா இருந்ததில்லை. மின்விசிறி சுற்றியது, வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். கார்த்திகா ஒன்றும் புரியாமல் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு" என்றாள் தனம். "இவ மூணாவது."

நர்ஸ் தலையைக் குனிந்து எழுதினாள். "மொத ரெண்டும் எத்தனாவது மாசம்மா?"

"ரெண்டுமே மூணு முடியல. அதான் யாருக்கும் தெரியாது."

"சொன்னது நல்லதும்மா. டாக்டர்ட்டயும் சொல்லிருங்க" என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். கார்த்திகா போகவில்லை. அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கூப்பிடும்வரை விடவில்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மதியம் மாப்பிள்ளை வந்து அவளைக் கூட்டிப்போனார். நாங்கள் வீடு திரும்ப அவனியாபுரத்துக்கு ஆட்டோ பிடித்தோம். தெற்குவாசல் பாலம் ஏறும்வரை தனம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அந்த அமெரிக்காக்காரப் புள்ளைக்கு என்ன பொறந்துச்சு?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. "தெரியாது தனம். கடைசிவரைக்கும் தெரியல."

தலையாட்டிக்கொண்டாள். பாலம் இறங்கியது.

"நமக்கு மொதல்ல போனது பொம்பளப்புள்ள" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா பொம்பளப்புள்ளதான். எப்பவும் பாவாட கட்டித்தான் நெனச்சுப் பாத்துருக்கேன்."

நானும் சொல்லிவிட்டேன். "எனக்குப் பையன். பைக்ல முன்னாடி டேங்க் மேல ஒக்காந்திருப்பான்."

அவள் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு பிள்ளையை வளர்த்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் காட்டாமல்.

"பையனா?" என்றாள், சண்டைக்கு வருகிறவளைப் போல. "அப்ப ரெண்டாவது?"

ஆட்டோக்காரர் எந்தத் தெரு என்று கேட்டார். நேராகப் போகச் சொன்னேன். எங்கள் தெரு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இன்னும் முடிவுக்கு வந்திருக்கவில்லை.